டம்ளருக்கடியில் இருந்த 50 ரூபாய்

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் பாதையில் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து 2009இல் திருமணமாகி இங்கு வந்தேன். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்த பேச்சு என்று வாழ்கிற ஊர் இது. வீட்டுக்கு வேலையாக வருகிறவர்களுக்குக் கூலிக்கு மேல் எவ்வளவு கொடுப்பது, எப்படிக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதை நான் இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி, நானே செய்த ஒரு தவற்றிலிருந்து வந்தது.

2016 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. அந்த வாரத்தில்தான் நாங்கள் வாங்கிய பிரிட்ஜ் வந்து இறங்கியது. கடைக்காரர்கள் வாசல் வரைதான் கொண்டுவருவார்கள் என்றும், மாடிக்கு ஏற்றுவதற்குத் தனியாக ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் முன்பே சொல்லியிருந்ததால், இரண்டு பேரை வரச்சொல்லியிருந்தோம். மூத்தவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். இளையவர் அவருடைய தங்கை மகன். பிரிட்ஜையும் படியையும் பார்த்துவிட்டு 400 ரூபாய் கேட்டார்கள். நான் 350 என்றேன். சிறிது நேரம் பேசாமல் நின்றிருந்த மூத்தவர், "சரிங்க" என்றார்.

எங்கள் படிக்கட்டில் 17 படிகள், நடுவில் ஒரு திருப்பம். மூத்தவர் துண்டைச் சுருட்டி முதுகில் சும்மாடு வைத்துக்கொண்டு, கயிற்றை இரு தோள்களிலும் மாட்டிக் குனிந்தார். திருப்பத்தில் சுவரின் சுண்ணாம்பு உரசிவிடக் கூடாது என்று இளையவர் தன் புறங்கையைச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் கொடுத்தார். இறக்கி வைத்தபோது அந்தக் கை சிராய்த்திருந்தது. பெட்டியைப் பிரித்து, நான்கு கால்களையும் திருகிச் சமப்படுத்தி, "நாலு மணி நேரம் கழிச்சு சுவிட்ச் போடுங்க" என்று சொல்லி, அட்டையையும் தெர்மாகோலையும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினார்கள். நான் கிணற்றடியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துத் தண்ணீர் கொடுத்தேன். பேசிய 350 ரூபாயைக் கொடுத்துவிட்டு, மனம் உறுத்தியதால், "இது டீ செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று தனியாக ஒரு 50 ரூபாயை நீட்டினேன். மூத்தவர் கை நீட்டாததால், அதை அவருடைய சட்டைப் பைக்குள் வைக்கப்போனேன். அவர் ஒரு அடி பின்வாங்கி, நோட்டை என் கையிலிருந்து வாங்கித் திண்ணையில் வைத்து, காற்றில் பறந்துவிடாதபடி காலி டம்ளரை அதன்மேல் கவிழ்த்தார்.

"இந்த அம்பதைக் கூலியிலயே சேத்துக் குடுத்திருந்தீங்கன்னா வாங்கிட்டுப் போயிருப்பேனுங்க அம்மிணி. இப்ப வாங்கினா, என் கூலி முன்னூத்தம்பதுதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அவர்கள் போன பிறகு நோட்டை எடுப்பதற்காக டம்ளரைத் தூக்கினேன். எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் மாமனார் பெயரோ, மாமியார் பெயரோ, சீராக வந்திருந்தால் என் பெயரோ வெட்டியிருக்கும். இந்த டம்ளரில் எந்தப் பெயரும் இல்லை. விளிம்பில் ஒரு நசுங்கலோடு ஆண்டு முழுவதும் கிணற்றுத் திட்டில் கிடக்கும் அது, வெளி ஆட்களுக்கென்று ஒதுக்கிய டம்ளர் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. ஏழு ஆண்டுகளாக நானே அதை எடுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மாலையில் அத்தையிடம் நடந்ததைச் சொன்னபோது, "கூலியில புடிச்சுக்கிட்டு அதையே தானமாக் குடுப்பாங்களா அம்மிணி?" என்று மட்டும் கேட்டார். டம்ளரைப் பற்றி இருவருமே பேசவில்லை. மறுநாள் அது பழைய பாத்திரக்காரரிடம் போனது. அன்றிலிருந்து, வருகிறவர் யாராக இருந்தாலும் நாங்கள் குடிக்கும் டம்ளரில்தான் தண்ணீரும் மோரும் கொடுக்கிறோம். டிப்ஸ் பற்றிய எந்தப் பேச்சுக்கும் முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தனி டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு 100 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும், அந்த 100 ரூபாயை வாங்கிக்கொள்ளும் கை கூசத்தான் செய்யும்.

நான் ஏன் அன்று 50 ரூபாய்க்குப் பேரம் பேசினேன் என்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. 2012இல் நாங்கள் மாடி கட்டியபோது டைல்ஸ் ஏற்றிவந்த வண்டியை எங்கள் ஆட்களே இறக்கினார்கள். ஆனாலும் இறக்காமல் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. கேரளத்தில் இதற்கு நோக்குகூலி என்று பெயர். அதைக் கொடுத்த கசப்பில், இந்தப் பக்கம் கூலி கேட்கிற எல்லோரையும் நான் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கியிருந்தேன். மாமனார் அப்போதே எனக்கு விளக்கினார். சுமைதூக்கும் தொழிலாளர்கள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கிடந்த காலத்துக்குப் பிறகு, கேரளம் அவர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது; 1978ஆம் ஆண்டுச் சட்டம் என்று அதற்குப் பெயர். கூலி, வேலை நேரம், நலநிதி எல்லாம் அதற்குப் பிறகுதான் ஓர் ஒழுங்குக்கு வந்தன. வேலை செய்யாமல் பணம் கேட்பது அந்தச் சட்டம் கொடுத்த உரிமை இல்லை. பிற்பாடு, 2018 மே 1 முதல் அரசு நோக்குகூலியைத் தடை செய்தும்விட்டது. வீட்டுத் தேவைக்காகத் தனிநபர் ஒருவர் அமர்த்திக்கொள்ளும் ஆள் அந்தச் சட்டம் சொல்லும் சுமைத் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவதில்லை என்பதையும், ஏற்றிறக்குவதற்கு ஒவ்வொரு பகுதிக்கும் நிர்ணயித்த கூலிப் பட்டியல் உண்டு என்பதையும் இங்கே வீடு மாற்றி வருகிறவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. எவரோ சிலர் வேலை செய்யாமல் வாங்கிய பணத்துக்காக, 17 படி சுமந்து ஏறியவரின் கூலியில் நான் கைவைத்திருக்கக் கூடாது.

ஆகவே இப்போது நான் கடைப்பிடிப்பது ஒன்றுதான். கூலியை வேலைக்கு முன்னால் பேசி முடிப்பேன், பேசியதை முழுதாகக் கொடுப்பேன், அதற்குப் பிறகு கொடுப்பதாக இருந்தால்தான் அன்பளிப்பு. கேட்கும் கூலி அதிகம் என்று தோன்றினால் அதை நேராகச் சொல்லி, பக்கத்து வீட்டில் என்ன வாங்கினார்கள் என்று விசாரித்துப் பேசுவேன். குறைத்த தொகையை இனாம் என்ற பெயரில் திருப்பிக் கொடுக்க மாட்டேன். சொன்னதைவிட வேலை கூடிவிட்டால், உதாரணமாக ஒரு குழாய் அடைப்பு என்று வந்த பிளம்பர் இரண்டு மணி நேரம் தொட்டிக்குள் இறங்கி நிற்க நேர்ந்தால், அதற்குக் கொடுப்பதும் கூலிதான். "இன்னும் எவ்வளவு ஆகும், சொல்லுங்கள்" என்று கேட்டு வாங்கச் சொல்ல வேண்டும். அதை நம் தாராளம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது.

கேஸ் சிலிண்டர் விஷயம் சற்றுச் சிக்கலானது. 14.2 கிலோ எரிவாயுவும் இரும்பின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ வரும் ஒரு சிலிண்டரைத் தோளில் சுமந்து வருகிறவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செலவு பில் தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கேரளத்தில் ஏஜென்சியிலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வீடுகளுக்குத் தூரத்துக்கேற்ற கட்டணம் தனியாக உண்டு; அதுவும் பில்லில் எழுதித்தான் வரவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குச் சிலிண்டர் கொண்டுவந்த ஒருவர், பில்லுக்கு மேல் 50 ரூபாய் கொடுத்தால்தான் உள்ளே கொண்டுவந்து வைப்பேன் என்று அத்தையிடம் சொல்ல, தனியாக இருந்த அத்தை பயந்துபோய் மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தபோது ஏஜென்சிக்கு எழுதிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு வேறொருவர் வந்தார். அவர் எதுவும் கேட்பதில்லை. எடை பார்த்து, வாஷரைச் சோதித்து, கசிவு இல்லை என்று காட்டிவிட்டுப் போகிறார். நாங்களாகவே அவருக்கு 30 ரூபாயும், வெயில் காலத்தில் இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட நீர்மோரான சம்பாரமும் கொடுக்கிறோம். முன்னவருக்குக் கொடுத்த 50 ரூபாய் அச்சத்தில் கொடுத்தது. இந்த 30 ரூபாயை ஒரு மாதம் கொடுக்க மறந்தாலும் அடுத்த சிலிண்டர் அதே அடுக்களைக்குத்தான் வந்து சேரும்.

அரசு ஊழியருக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். ஒரு துலாமாத (ஐப்பசி) மழையில் தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்தபோது, இரவு பத்து மணிக்கு மின்வாரியத்தின் லைன்மேன் இருவர் வந்து கம்பத்தில் ஏறினார்கள். அவர்கள் இறங்கியதும் என் கணவர் 200 ரூபாயை எடுக்க, "வேண்டா சேட்டா, ஒரு கட்டன் சாய மதி" என்று ஒருவர் மறுத்துவிட்டார். பால் கலக்காத தேநீரும் வாழைக்காய் வறுவலும் கொடுத்தோம். 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, லஞ்சம் கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளி. கட்டாயத்துக்குட்பட்டுக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால்தான் விலக்கு. நன்றி சொல்ல நினைத்துக் கொடுப்பதுகூட அடுத்த வீட்டுக்காரருக்கு மாமூலாகிவிடும் என்பதால், அந்த நன்றியை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்கிறோம். மறுநாள் என் கணவர் செக்‌ஷன் அலுவலகத்துக்குப் போய், இரவில் வந்து சரிசெய்த விவரத்தைப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

இதற்கு நேர்மாறான குழப்பம் ஹரித கர்ம சேனையைப் பற்றியது. மாதம் ஒரு முறை பிளாஸ்டிக் சேகரிக்க வரும் அந்தப் பெண்களுக்கு எங்கள் பஞ்சாயத்தில் வீட்டுக்கு 50 ரூபாய் கொடுக்கிறோம். அது பயனர் கட்டணம். அவர்களுடைய வருமானமே அதுதான். அதை டிப்ஸ் போல நினைத்து, "இந்த மாதம் இல்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புகிற வீடுகளை எனக்குத் தெரியும். கட்டணத்தைக் கேட்கும் முன் எடுத்துக் கொடுப்பதும், பால் கவர்களைக் கழுவி வெயிலில் உலர்த்தி வைத்திருப்பதும்தான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. மூன்று வாரம் மூடிக்கிடந்த மீன் கவரைப் பிரித்துத் தரம் பார்ப்பது எவ்வளவு கொடுமையான வேலை என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும்.

சாப்பாடு கொண்டுவரும் செயலிகள் எங்கள் வீடு வரை வருவதில்லை; கோயம்புத்தூரில் மகளோடு தங்கும் நாட்களில்தான் எனக்கு அந்தப் பழக்கம். நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள், அதாவது நிலையான வேலை இல்லாமல் அந்தந்த வேலைக்கு மட்டும் கூலி வாங்குகிறவர்கள், இருந்ததாகவும், 2029-30இல் அது 2.35 கோடியாகக் கூடும் என்றும் கணித்தது. உணவு கொண்டுவருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் வருமானம். பெட்ரோலும் வண்டிச் செலவும் அவர்களுடையவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, மழையிலும் இரவு பத்துக்கு மேலும், லிப்ட் வேலை செய்யாத நாளில் மூன்று மாடி ஏறி வந்தாலும் 40 அல்லது 50 ரூபாயும், மற்ற நாட்களில் 20 ரூபாயும் கொடுப்பது என்று மகளும் நானும் வைத்திருக்கிறோம். செயலியில் முன்கூட்டியே டிப்ஸ் சேர்ப்பதைவிட, வந்தவரின் கையில் கொடுப்பதே எங்களுக்குப் பிடித்திருக்கிறது, முகம் பார்த்துக் கொடுக்க முடிகிறது என்பதால். 247 ரூபாய்க்கு 250 கொடுத்துவிட்டு "மீதியை வைத்துக்கொள்ளுங்கள்" என்பதை மட்டும் நாங்கள் டிப்ஸ் என்று எண்ணிக்கொள்வதில்லை. அது சில்லறை தேடும் சிரமத்தை அவர் நமக்கு மிச்சப்படுத்துவது.

பணத்தைவிட அவர்களுக்கு உதவுவது நேரம் என்று ஒரு தம்பி மகளிடம் சொல்லியிருக்கிறான். வீட்டு எண்ணைச் சரியாகப் போடுவது, போனை எடுப்பது, ஓடிபி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவது எல்லாம் சேர்ந்து அவனுக்கு ஐந்து நிமிடம் மிச்சம். அந்த ஐந்து நிமிடம்தான் அடுத்த ஆர்டர். எங்கள் எல்லைப் பக்கத்தில் கூரியர்காரர்களுக்கு இது இன்னும் கஷ்டம். வரைபடத்தில் ஒரு பாதை காட்டும், அது வாய்க்கால் வரப்பில் போய் முடியும். அதனால் கூரியர் வருகிற நாளில் நான் பிரதான சாலையில் உள்ள மளிகைக் கடைக்கே போய் நின்றுகொள்கிறேன். வாஷிங் மெஷின் பழுதுபார்க்க வருகிறவருக்கும் அப்படித்தான். நிறுவனத்திலிருந்து வருகிறவருக்கு நாம் போடும் ஐந்து நட்சத்திரமும், அவர் பெயரைச் சொல்லி எழுதும் இரண்டு வரியும், 50 ரூபாயைவிட நெடுநாள் நிற்கும். நிறுவனத்தின் மேல் உள்ள கோபத்தில் அவருக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, கையில் 100 ரூபாய் கொடுத்து அனுப்பினால் அவருக்கு நன்மையைவிடத் தீமைதான் அதிகம்.

பண்டிகைக் காசு எங்கள் ஊரில் இரண்டு முறை வரும். தமிழ் வீடுகளில் தீபாவளிக்கு, மலையாள வீடுகளில் ஓணத்துக்கு. விஷு காலையில் கைநீட்டம் கொடுப்பதும் உண்டு. திருமணமாகி வந்த புதிதில் அந்தச் சொல் எனக்குக் காதில் உறுத்தியது, ஏனென்றால் நம் பேச்சில் கை நீட்டுவது கேட்பவனின் செயல். இங்கே மேடம் (சித்திரை) மாதத்தின் முதல் நாளில் கையை நீட்டுகிறவர் கொடுக்கிற பெரியவர். வாங்குகிறவர் எதையும் கேட்பதில்லை. நாணயத்தைக் கையில் வைத்து, ஆண்டு நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்துவார்கள். தொகை சிறியது, ஆனால் வீட்டுப் பிள்ளைக்கும் பால் கொண்டுவரும் பிள்ளைக்கும் ஒரே நாணயம். நான் பிறந்த ஊரில் இனாம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு, கேட்காமலே கிடைக்கும் இந்தக் காசு பெரிய செய்தியாக இருந்தது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு எவ்வளவு என்பதில்தான் நான் நீண்ட நாள் தடுமாறினேன். முதல் சில ஆண்டுகள் ஒரு சேலையும் 500 ரூபாயும் கொடுத்தேன். சேலை என் விருப்பத்தில் எடுத்தது. அதை அவர் ஒரு முறைகூட உடுத்திப் பார்த்ததில்லை. பிறகு ஒரு நாள் என் கணவரின் அலுவலகத்தில் போனஸ் கணக்குப் பேச்சு வந்தபோது ஒன்று புலப்பட்டது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம் கொடுக்கச் சொன்னது. அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஒரு மாதச் சம்பளம். வீட்டு வேலை செய்பவர்களை அந்தச் சட்டம் எட்டவில்லை. ஆனால் என் கணவர் உரிமையாக வாங்கிவருகிற அந்த ஒரு மாதத்தை, எங்கள் பாத்திரம் துலக்குகிறவருக்கு நான் ஒரு சேலையிலும் 500 ரூபாயிலும் முடித்துக்கொண்டிருந்தேன். இப்போது தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பாகவே, துணி எடுக்க அவருக்கு நேரமிருக்கும்படி, ஒரு மாதச் சம்பளத்தை உறையில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். முன்பணமாக வாங்கியதை அதில் கழிப்பதில்லை. பக்கத்து வீட்டார் முன்னால் கொடுப்பதுமில்லை.

இன்னும் தீராத ஒரு கணக்கு தேங்காய்க் கணக்கு. ஏறக்குறைய 45 நாளைக்கு ஒரு முறை தென்னை ஏற வருகிற அண்ணன், மரத்துக்கு 50 ரூபாய் என்று பேசி, கடைசியில் வீட்டுக்கு இரண்டு தேங்காய் எடுத்துக்கொள்வது மாமனார் காலத்து வழக்கம். மாமனார் போன பிறகு, கூலி ஏறிவிட்டதே, தேங்காய் எதற்கு என்று எங்கள் உறவினர் ஒருவர் கேட்டார். நான் அண்ணனிடமே கேட்டேன். அந்தத் தேங்காய் கூலியில் சேராது, மரத்தில் ஏறி இறங்கியவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காகக் கொடுப்பது என்று அவர் சொன்னார். ஆனால் அத்தை எப்போதும் குவியலில் சிறியதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுப்பார் என்பதையும் சிரிக்காமல் சேர்த்துச் சொன்னார். போன முறையிலிருந்து, தேங்காய்களை எண்ணத் தொடங்கும் முன்பே, அவருக்கான இரண்டை அவரையே எடுத்து ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று அவர் எடுத்தது குலையிலேயே பெரியதாக ஒன்றும், சுமாராக ஒன்றும்.